கம்பஸ் போக முன்: திருகோணமலை நாட்குறிப்பு

ஆகஸ்ட் 3, ஞாயிறு

உவர்மலை. கச்சான் காற்று காலை ஒன்பது மணிக்கே அனலாய் அடிக்கிறது. பேராதனை, மொறட்டுவை, ஹப்புகல (காலி), ஒலுவில், கிளிநொச்சி அறிவியல்நகர் என்று பொறியியல் பீடங்களுக்குப் பிரிந்து போகவிருக்கும் பிள்ளைகளுக்கு முன்வகுப்பு. முதல் பாடம் கல்குலேட்டர்தான். உயர்தரத்தில் இணைந்த கணிதம், பௌதிகவியல் பரீட்சைகளுக்கு அதைக் கொண்டுபோக முடியாது. மடக்கை அட்டவணையோடு வளர்ந்த கைகள். அதனால் திரையில் வருவதை அப்படியே நம்பிவிடுகிறார்கள். சைன் 30 அடித்தால், கல்குலேட்டர் பாகை முறையில் இருந்தால் 0.5, ஆரையன் (ரேடியன்) முறையில் இருந்தால் −0.988. ஏணி சாய்ந்து நிற்கும் கணக்கில் மறைக் குறியோடு விசை வந்தும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. கணக்குத் தொடங்க முன் சைன் 30 அடித்துப் பார்ப்பதைப் பழக்கமாக்க வேண்டும். புதிதாக வாங்குபவர்கள், பீடம் எந்த மாதிரியை அனுமதிக்கிறது என்று கேட்டபின் வாங்கினால் போதும்.

ஆகஸ்ட் 6, புதன்

மல்டிமீட்டர். மின்னோட்டம் அளக்கச் சிவப்புக் கம்பியை மில்லியம்பியர் துளைக்கு மாற்றுவார்கள். அளந்து முடிந்ததும் குமிழை மட்டும் வோல்ட்டுக்குத் திருப்பி, கம்பியை அங்கேயே விட்டுவிட்டு, பற்றரியின் இரு முனைகளையும் தொடுவார்கள். அந்தத் துளையின் உள்ளே தடை மிகக் குறைவு. பற்றரி குறுஞ்சுற்றாகி, மீட்டருக்குள் இருக்கும் உருகி (ஃபியூஸ்) எரிந்துவிடும். அதைச் சொல்லாமல் மீட்டரை மேசையில் வைத்துவிட்டுப் போனால், அடுத்த குழுவுக்கு மின்னோட்டம் 0.00. அவர்கள் இல்லாத பிழையைத் தங்கள் சுற்றில் தேடிக்கொண்டிருப்பார்கள். ஆகவே மின்னோட்டம் அளந்த கையோடு கம்பியை வோல்ட் துளைக்கு மாற்றுங்கள், குமிழ் பிறகு. தடை அளக்க முன் மின்வழங்கலைக் கழற்றுங்கள். சுற்றைப் பூட்டிப் பார்க்கும் துளைப் பலகையான பிரெட்போர்டின் ஓரத்து நீளக் கோடுகள் சில பலகைகளில் நடுவில் துண்டாகியிருக்கும். பாதிச் சுற்று செத்துக் கிடந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நேரக் கணக்கு. இதைத்தான் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் ஒரு கிரெடிட் என்றால் 50 கற்றல் மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடம் 150. 15 வார செமஸ்டரில் வாரத்துக்கு 10. விரிவுரை மூன்று மணித்தியாலம் என்றால், மிச்சம் ஏழும் டியூட்டோரியல், ஆய்வுகூடம், சொந்தப் படிப்பு. அப்படி ஐந்து பாடம் என்றால் வாரம் 50 மணித்தியாலம். ரியூஷன் மாஸ்டர் பாஸ் பேப்பர் செய்து காட்ட, கடைசி மூன்று மாதத்தில் முறுக்கிப் பிடிக்கிற முறை இங்கே எடுபடாது. செமஸ்டரின் இடைச் சோதனையும் ஒப்படைகளும் நடுவிலேயே புள்ளியை எடுத்துக்கொண்டு போய்விடும். கம்பஸ் அனுமதிக்கு வாங்கிய இசட் புள்ளி எவ்வளவு என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதுமில்லை.

வீட்டுக்கு வருவதையும் இதிலேயே கணக்கிடுங்கள். வெள்ளி பின்னேர ஆய்வுகூடத்தை விட்டுவிட்டு பஸ் ஏறி, திங்கள் எட்டு மணி விரிவுரைக்கு ஒன்பதரைக்குப் போய்ச் சேர்வதுதான் வழமை. வரவு 80 சதவீதம் கேட்கும் பீடத்தில், வாரம் ஒருமுறை நடக்கும் வகுப்பை 15இல் மூன்று தடவைதான் தவறவிடலாம். காலியில் இருப்பவர்கள் மாதத்துக்கு ஒருமுறை வந்தாலே அதிகம்.

ஆகஸ்ட் 13, புதன்

சி மொழி. செல்சியஸை ஃபரனைட்டாக்கும் நிரலில் 9/5 என்று எழுதினால் முழு எண் வகுத்தலாகி 1 வரும். 37 பாகைக்கு 98.6 வராமல் 69. நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலர் வாய் திறக்காது. 9.0/5 என்று எழுத வேண்டும். விடை தெரிந்த எண்ணைப் போட்டுச் சோதியுங்கள்: 100 கொடுத்தால் 212.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மூதூர், கிண்ணியாப் பிள்ளைகள் பிந்தி வந்தார்கள். ஆங்கிலப் பயம் எல்லோருக்கும் உண்டு. பேச்சு ஆங்கில வகுப்புக்குக் காசு கட்டுவதைவிட மலிவான வழி இருக்கிறது: ஏற்கெனவே செய்து பழகிய இணைந்த கணித வினாத்தாளின் ஆங்கிலப் பிரதியை எடுத்து, தமிழ்ப் பிரதியோடு பக்கத்தில் வைத்து நாளுக்கு ஒரு கேள்வி. கணக்கு தெரிந்ததுதான், வசனம் தானாகப் பிடிபடும். விடையையும் ஆங்கிலத்திலேயே எழுத வேண்டும். வாசிப்பதோடு நிறுத்தினால் ஆய்வுகூட அறிக்கையில் மாட்டிக்கொள்வீர்கள்.

பகிடிவதை பற்றி ஒரு தாய் கேட்டார். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது குற்றம் என்பதைப் பிள்ளைக்கும் வீட்டுக்கும் தெரியவைத்தோம்.

அடுத்த வகுப்பு பொறியியல் வரைதல். ஏ3 தாள், துணைக்கோட்டுக்கு 2எச், வெளிக்கோட்டுக்கு எச்பி பென்சில் கொண்டுவரவும்.