புரொப்பெல்லர் நிற்கக் கூடாது

விமானப் படம் எடுக்கிறவர்கள் கூடினால் பேச்சு 600 மி.மீ. லென்ஸில்தான் போய் நிற்கும். ஆனால் படத்தை முதலில் கெடுப்பது ஷட்டர் வேகம், அதாவது கேமரா எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது.

ஏ.டி.ஆர். 72 என்ற பயணி விமானம் கிளம்பும்போது அதன் புரொப்பெல்லர் முழு வேகத்தில் நிமிடத்துக்கு 1200 சுற்று சுற்றும், அதாவது நொடிக்கு 20. ஷட்டரை 1/1000 நொடியில் வைத்தால் அந்த நேரத்தில் பிளேடு 7 டிகிரிதான் நகரும். ஆறு பிளேடும் அப்படியே நின்றுவிடும். நடுவானில் என்ஜின் அணைந்த மாதிரி ஒரு படம் கிடைக்கும். 1/125-க்கு இறக்கினால் ஏறக்குறைய 58 டிகிரி நகரும். ஆறு பிளேடுகளுக்கு இடையே 60 டிகிரி இடைவெளிதானே? வட்டம் நிரம்பிவிடும். செஸ்னா 172 என்ற குட்டி விமானத்துக்குக் கணக்கு வேறு: இரண்டே பிளேடு, 2400 சுற்று. முழு வட்டம் வேண்டுமென்றால் 1/80. பாதி வட்டம் போதுமென்றால் 1/160, அதுவே கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஹெலிகாப்டர்தான் பொல்லாதது. எம்.ஐ.-17-இன் மேல் ரோட்டருக்கு ஐந்து பிளேடு, நிமிடத்துக்கு வெறும் 192 சுற்று. 1/125-ல்கூட 9 டிகிரிதான் அசையும். 1/60-க்குப் போனால் 19. முழு வட்டத்துக்கு ஆசைப்பட்டால் 1/16 வேண்டும், கையில் பிடித்துக்கொண்டு அதற்கு முயல வேண்டாம்.

மெதுவான ஷட்டருக்கு வேறொரு விலை உண்டு. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் 1/125 என்றால் அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப்/14, எஃப்/16 வரை மூடிக்கொள்ளும். அப்போது சென்சாரில் ஒட்டியிருக்கும் தூசியெல்லாம் நீல வானத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும். படமும் கொஞ்சம் மழுங்கும். ஒளியை நாலில் ஒன்றாகக் குறைக்கும் இரண்டு ஸ்டாப் என்.டி. ஃபில்டரை லென்ஸ் முன் போட்டால் எஃப்/8-க்குத் திரும்பிவிடலாம். அதற்குப் பதில் பிரதிபலிப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போடுகிறவர்கள் காக்பிட் கண்ணாடியில் வானவில் பட்டைகள் வந்த பிறகுதான் தலையில் கை வைப்பார்கள்.

இனி உடம்பு. விமானம் நமக்கு மிக அருகில் வரப்போகும் இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்ற வேண்டும். அது வரும் பக்கம் இடுப்பை மட்டும் திருப்பி, விமானம் நகர நகர அதன் கூடவே திரும்பி வர வேண்டும். கிளிக் முடிந்த பிறகும் கை ஓட வேண்டும். இவ்வளவு செய்தும் மூக்கு கூர்மையாக, வால் கலங்கி வந்தால் பிழை உங்களுடையதல்ல. கடந்து போகும் விமானம் நம் பார்வையில் திரும்பிக்கொண்டும் இருக்கிறது; மூக்கும் வாலும் ஒரே வேகத்தில் நகர்வதில்லை. மெதுவான ஷட்டரில் பத்துக்கு இரண்டு தேறினால் போதும் என்று மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

ஜெட்டுக்கு இந்தத் தலைவலி இல்லை. 1/1250-க்கு மேல் வைத்தால் போதும். இந்திய விமானப்படையின் சாகசக் குழுவான சூர்யகிரணின் விமானங்கள் எதிரெதிராகக் குறுக்கே பாயும்போது 1/2000. அங்கே சிக்கல் வெளிச்சம். 2024 அக்டோபர் 6 சென்னை மெரினா விமான சாகசக் காட்சி காலை 11 மணிக்கு மேல் கடலுக்கு மேலே நடந்தது. கிழக்கே பார்த்து நிற்பவருக்கு அந்நேரத்துச் சூரியன் உச்சிக்கு அருகே, முன்னாலும் வலப்பக்கமும். விமானத்தின் வயிறு கறுத்துப்போகும். கேமரா வானத்தின் பிரகாசத்தைப் பார்த்து ஏமாறும். எக்ஸ்போஷரை (படத்தில் விழும் வெளிச்சத்தை) ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூட்டியே தீர வேண்டும். சுருக்கப்படாத ரா ஃபைலில் எடுப்பது நல்லது, ஆனால் விரலை அழுத்தியே வைத்திருந்தால் பஃபர் (கேமராவின் தற்காலிக நினைவகம்) நிரம்பி, சரியாகக் குறுக்கே பாயும் நொடியில் கேமரா முடங்கும். மூன்று நான்கு ஃப்ரேமாகத் துண்டு துண்டாக எடுங்கள்.

பெங்களூரு எலஹங்காவில் பிப்ரவரியில் நடக்கும் ஏரோ இந்தியா விமானக் கண்காட்சிக்குப் போகிறவர்களின் எதிரி வெயில் அல்ல, ஓடுதளத்திலிருந்து எழும் கானல். அதைச் சரிசெய்யும் லென்ஸ் கிடையாது. பெரிய லென்ஸ் அதையும் பெரிதாக்கிக் காட்டும். தூரத்தில் நிற்கும் விமானத்தின் எழுத்துகளை வியூஃபைண்டரில் பாருங்கள். நெளிந்தால் தரையில் ஓடுவதை விட்டுவிட்டு, மேலே ஏறியதை மட்டும் எடுங்கள். தரையில் ஓடும் படங்களைக் காலை 9 மணிக்குள் முடித்துவிட வேண்டும்.

சென்னையில் ஏ.சி. அறையிலிருந்து கேமராவை நேரே வெளியே எடுத்தால் லென்ஸ் பனிமூடும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளியே வைத்திருந்து, பிறகு திறக்கவும்.

படம் அனுப்பும் முன் விமானத்தின் பதிவெண்ணை நூறு சதவீத அளவில் பெரிதாக்கிப் பாருங்கள். இந்திய விமானங்களின் பதிவெண்ணில் வி.டி. என்பதற்குப் பின் வரும் மூன்று எழுத்தில் ஒன்றைத் தவறாக அடித்தால், படம் வேறொரு விமானத்தின் பெயரில் போய்ச் சேரும்.