சிறகு முளைக்கும் முன்பிருந்த போலந்துப் படை

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினி வியூக விளையாட்டில் போலந்தை எடுத்து ஆடுகிறவர்களில் பலர், கடைசிக் காலகட்டத்தை எட்டியதும் தங்கள் இலகு குதிரைப்படையைச் சிறகு ஹுஸார்களாக உயர்த்திவிடுவார்கள். முதுகில் இறகுச் சட்டம் பூட்டிய அந்தக் குதிரை வீரர்கள் திரண்டு ஓடுவதைப் பார்க்கும் மகிழ்ச்சியை நானும் அறிவேன். 2021 ஆகஸ்டில் 'டான் ஆஃப் த டியூக்ஸ்' விரிவாக்கம் வெளிவந்த நாளிலிருந்து நான் பெரும்பாலும் போலந்தையே ஆடிவருகிறேன். ஆனால் 1410ஆம் ஆண்டின் குருன்வால்ட் போரை இதே விளையாட்டின் சினாரியோ எடிட்டரில், அதாவது நாமே போர்க்காட்சிகளை அமைக்க உதவும் கருவியில், அமைக்க உட்கார்ந்தபோது, போலந்துக்குச் சிறப்புப் பிரிவுகளாக விளையாட்டு தரும் சிறகு ஹுஸார், ஓபுஹ் ஆகிய இரண்டையும் அந்தக் களத்தில் நிறுத்த முடியாது என்பது புரிந்தது.

ஹுஸார் என்ற பெயர் போலந்தின் படைக்கணக்குகளில் 1500ஆம் ஆண்டை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது. அப்போது வந்தவர்கள் செர்பியக் கூலி வீரர்கள்; கவசம் இல்லாமல், ஈட்டியும் மரக் கேடயமும் மட்டும் ஏந்தியவர்கள். 1576இல் அரியணை ஏறிய ஸ்தெஃபான் பாத்தோரியின் காலத்தில்தான் அவர்கள் கவசமணிந்த தாக்குதல் படையாக மாறினார்கள். கிர்ஹோல்மில் 1605இலும் வியன்னாவில் 1683இலும் பெயர் வாங்கியவர்கள் அந்தப் பிற்காலத்து ஹுஸார்களே. விளையாட்டோ சிறகைப் பூட்டியபின்பும் அவர்களை இலகு குதிரைப்படையின் வரிசையிலேயே வைத்திருக்கிறது. காலாட்படையாக வரும் ஓபுஹ் வீரனின் நிலையும் இதுதான். அவன் சுத்தியலின் ஒவ்வோர் அடியும் எதிரியின் கவச மதிப்பைக் குறைப்பது அருமையான ஏற்பாடு என்றாலும், அந்தக் கைச்சுத்தியலை நாம் அறிவது 16, 17ஆம் நூற்றாண்டுப் பிரபுக்களின் கையில்தான்.

இவை இரண்டையும் எடுத்துவிட்டால் எஞ்சுவது என்ன? இடைக்காலப் போலந்துப் படையின் உயிர்நாடி, போலந்து மொழியில் 'கோப்யா' எனப்படும் சிறு குழு. கோப்யா என்றால் ஈட்டி. முழுக்கவசத்தோடு நீண்ட ஈட்டி ஏந்திய ஒரு வீரன், அவனோடு குதிரையிலேயே வரும் குறுக்குவில் வீரர்கள் பெரும்பாலும் இருவர், சில வேளைகளில் அதற்கும் மேல். இவ்வளவுதான் ஒரு கோப்யா. இத்தகைய கோப்யாக்கள் பல சேர்ந்து ஒரே கொடியின் கீழ் நின்றால் அது 'ஹொரோங்கியெவ்'. அந்தச் சொல்லுக்கே கொடி என்றுதான் பொருள் என்பதால் இதைக் கொடிப்படை என்று எழுதுகிறேன். சில கொடிப்படைகள் கிராக்கோ, போஸ்னான் போன்ற நிலப்பகுதிகளுக்கு உரியவை. சில, ஒரே சின்னத்தையும் ஒரே போர்க்குரலையும் பகிர்ந்துகொள்ளும் குலங்களுக்கு உரியவை. குருன்வால்டில் போலந்து அரசர் யகியேவோவின் பக்கம் 50 கொடிப்படைகளும் லிதுவேனியப் பெருங்கோமகன் விட்டவுடஸின் பக்கம் 40 கொடிப்படைகளும் நின்றதாக 15ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யான் துவுகோஷ் எழுதியிருக்கிறார். அந்தப் போரில் அவர்களிடம் தோற்றது டியூட்டானிக் வீரர் சபை என்ற ஜெர்மானியத் துறவி-வீரர்களின் அமைப்பு; அதன் கொடிகளை ஒவ்வொன்றாக வரையச் செய்து, 1448இல் 56 கொடிகள் கொண்ட ஓவியச் சுவடி ஒன்றையும் அவர் தொகுத்தார். அந்த ஓவியங்கள் எடிட்டரில் வண்ணம் தேர்வதற்கு எனக்குப் பெரிதும் உதவின.

கொடிப்படை நிற்கும் முறை இரண்டு. ஈட்டி வீரர்கள் முன்வரிசையிலும் குறுக்குவில்லாளர்கள் பின்வரிசைகளிலுமாக அகன்று நின்றால் அதற்கு 'வேலி' என்று பெயர். ஈட்டி வீரர்கள் முனையிலும் விளிம்புகளிலும் நின்று, வில்லாளர்களை நடுவில் பொதிந்துகொண்டு கூராகப் பாய்ந்தால் அது 'ஆப்பு'. இரண்டிலுமே ஈட்டியையும் வில்லையும் பிரிக்க முடியாது. வியூக விளையாட்டுகளின் இயல்போ அவற்றைப் பிரித்து வைப்பதுதான். ஈட்டி வீரன் ஒரு கட்டடத்திலும் வில்லாளன் வேறொரு கட்டடத்திலும் உருவாகிறார்கள். களத்தில் நாம் அவர்களைத் தனித்தனியே தேர்ந்தெடுத்துத் தனித்தனி வேலைக்கு அனுப்புகிறோம். குதிரை மீதிருந்து குறுக்குவில் எய்பவன் என்ற பிரிவே விளையாட்டின் போலந்துக்கு இல்லை. இடைக்காலப் போலந்தை விளையாட்டில் காட்டுவதில் உள்ள உண்மையான குறை இதுதான் என்று நினைக்கிறேன். சிறகு ஹுஸாரின் காலப்பிழை இதற்கு அடுத்தபடிதான்.

என் காட்சியில் 12 கொடிப்படைகள் வைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு கொடி வீரன், நான்கு ஈட்டி வீரர்கள், எட்டு வில்லாளர்கள். விளையாட்டின் குதிரை வில்லாளனை எடுத்து, ட்ரிகர் (எடிட்டரில் நாம் எழுதிவைக்கும் தானியங்கி விதி) மூலம் அவனுடைய தாக்கும் வலிமையைக் கூட்டி, எய்யும் வேகத்தைக் குறைத்தேன். குறுக்குவில்லை மறுபடி நாணேற்ற நேரம் பிடிக்கும் என்பதால் இந்த மாற்றம் அவசியமாயிற்று. முதல் சோதனையிலேயே ஒரு நல்ல செய்தி கிடைத்தது. இந்த விளையாட்டில் பல வகை வீரர்களை ஒன்றாகத் தேர்ந்து நடத்தினால், நெருங்கிப் போரிடுவோர் தாமாகவே முன்னும் எய்வோர் பின்னுமாக அணிவகுத்து, மெதுவாகச் செல்பவனின் வேகத்திலேயே எல்லோரும் செல்கிறார்கள். நான் எதுவும் செய்யாமலே 'வேலி' உருவாகிவிட்டது. ஆனால் எதிரியைத் தொட்டதும் அணி கலைந்துவிடுகிறது. ஆப்பு வடிவத்தை இன்றுவரை என்னால் நம்பும்படியாக அமைக்க முடியவில்லை.

கொடிக்கு மதிப்பு கொடுத்தது நிறைவாக அமைந்தது. குருன்வால்டில் சண்டை உச்சத்தில் இருந்தபோது, முடிசூடிய வெள்ளைக் கழுகு பொறித்த கிராக்கோ நிலத்தின் பெருங்கொடி சரிந்து விழுந்தது என்றும், சுற்றியிருந்த வீரர்கள் அதை உடனே தூக்கி நிறுத்தினார்கள் என்றும் துவுகோஷ் எழுதுகிறார். அதே போரில், அரசர் நிற்கும் இடம் எதிரிக்குத் தெரிந்துவிடக்கூடாது என்று அவருடைய சிறு கொடியை இறக்கி மறைத்ததாகவும் அவரே சொல்கிறார். கொடி விழுந்தால் படை எங்கே திரள்வது என்று தெரியாமல் போகும். உயர்ந்து நின்றாலோ எதிரிக்கு வழிகாட்டும். என் காட்சியில் கொடி வீரன் இறந்தால் அந்தக் கொடிப்படையின் தாக்கும் வலிமை உடனே இறங்கும். 30 நொடிக்குள் அதே படையின் ஈட்டி வீரன் ஒருவனை அந்த இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினால் கொடி மீண்டும் எழும். ஒருமுறை மூன்று கொடிகள் அடுத்தடுத்துச் சரிய, நான் எதை முதலில் தூக்குவது என்று தெரியாமல் திகைத்து நின்றேன். பல ஆண்டுகளாக இந்த விளையாட்டை ஆடும் எனக்கு, ஒரு கொடிப்படை உடைவது எப்படியிருக்கும் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்து, படைக்கு யார் பணம் தருகிறார்கள் என்ற கேள்வி. விளையாட்டில் 'ஷ்லாஹ்தா சலுகைகள்' என்ற ஆய்வைச் செய்தால் நைட் எனப்படும் கனரகக் குதிரை வீரன் ஒருவனுக்கான தங்கம் 75இலிருந்து 30 ஆகக் குறைகிறது. ஷ்லாஹ்தா என்பது போலந்தின் பிரபு வகுப்பு. அவர்களுடைய உரிமையையும் போர்க்கடமையையும் இணைத்துப் பார்த்த வடிவமைப்பாளர்களை மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் கணக்கின் திசை எனக்கு உறுத்துகிறது. 1374இல் கோஷிட்சேயில் அரசர் லூயி அளித்த சலுகையின்படி, நாட்டைக் காப்பது பிரபுக்களின் கடமை. எல்லைக்கு வெளியே போருக்கு அழைத்தால், ஏற்படும் இழப்பை அரசர் ஈடுசெய்ய வேண்டும். எல்லைக்குள் மலிவு, எல்லை தாண்டினால் செலவு என்ற விதிதான் வரலாற்றுக்கு நெருக்கமானது. பின்னால் வந்த சலுகைகளால் அரசரின் கை மேலும் கட்டுண்டது.

அதன் விளைவை 1454இல் காணலாம். டியூட்டானிக் சபைக்கு எதிரான பதின்மூன்று ஆண்டுப் போரின் தொடக்கத்தில் அரசர் நான்காம் கசிமிர் பிரபுக்களின் பொதுப்படையைத் திரட்டினார். செரெக்விட்சா முகாமில் கூடிய பிரபுக்கள், சலுகைகளை எழுதித் தந்தால்தான் மேலே நகர்வோம் என்றார்கள். அரசர் தந்தார். செப்டம்பர் 18 அன்று ஹோய்னிட்சேயில் அந்தப் படை சிதறியது. அதே ஆண்டு நவம்பரில் நியெஷாவாவில், வட்டார மன்றங்களின் ஒப்புதல் இல்லாமல் பொதுப்படையை அழைக்க மாட்டேன் என்று அரசர் உறுதியளிக்க நேர்ந்தது. படை வேண்டுமானால் பொத்தானை அழுத்தினால் போதும் என்ற விளையாட்டு விதிக்குள் இதை எப்படிக் கொண்டுவருவது? என் இரண்டாவது காட்சியில் கொடிப்படைகள் அனைத்தும் தொடக்கத்தில் நட்பு நாட்டின் பெயரில் நிற்கும். களத்தில் கண்ணுக்குத் தெரியும், ஆனால் ஆணையைக் கேட்காது. தங்கத்தையும் ஒரு கிராமத்தின் வருவாயையும் விட்டுக்கொடுத்தால் கைக்கு வரும். குறித்த நேரம் கழிந்தால் வீடு திரும்பிவிடும்.

ஹோய்னிட்சேக்குப் பின் போலந்து மேன்மேலும் கூலிப்படையை நாடியது. 1462இல் ஷ்வியெச்சினோவில் பியோத்ர் தூனின் சுமார் 2,000 பேரோடு வென்றபோது, வண்டிகளுக்கும் அகழிக்கும் பின்னால் நின்ற குறுக்குவில் காலாட்படைக்கு அந்த வெற்றியில் பெரும்பங்கு இருந்தது. ஆனால் கூலிப்படை என்பது இருபுறமும் கூரான கத்தி. சபையின் தலைமைக் கோட்டையான மால்போர்க்கைக் காத்து நின்ற கூலி வீரர்களுக்குச் சம்பளம் தர சபையிடம் பணமில்லை. கோட்டையே அவர்களிடம் அடகில் இருந்ததால், அதை 1,90,000 ஃப்ளோரின்களுக்குப் போலந்து அரசருக்கு விற்றுவிட்டார்கள். அந்தத் தொகையில் பெரும்பகுதியைத் திரட்டித் தந்தவை கதான்ஸ்க் முதலிய பிரஷ்ய நகரங்கள். 1457 ஜூனில் கசிமிர் அந்த மாபெரும் செங்கல் கோட்டைக்குள் நுழைந்தார்.

மூன்றாவது காட்சியை இதற்காகவே செய்தேன். என் தம்பியை முதலில் ஆட வைத்தேன். அவன் 40 நிமிடம் ட்ரெபுஷே எறிபொறிகளால் மதிலை இடித்துக்கொண்டிருந்தான். ஆற்றங்கரைக் கூடாரத்தில் இருந்த கூலிப்படைத் தலைவனை அவன் கவனிக்கவே இல்லை. பிறகு பக்கத்தில் போய்ப் பார்த்து, கேட்ட தங்கத்தைக் கொடுத்தான். மதில், கோபுரம் எல்லாம் ஒரே நொடியில் அவனுடைய நிறத்துக்கு மாறின.

"அண்ணா, காசு கொடுத்து வாங்கினால் ஜெயித்த மாதிரி ஆகிவிடுமா?" என்று கேட்டான்.

கோட்டை மட்டும்தான் உன்னுடையது என்றேன். அதே ஆண்டு செப்டம்பரில் மதிலை ஒட்டிய மால்போர்க் ஊரைச் சபையின் ஆட்கள் திரும்பக் கைப்பற்றினார்கள். நகரத் தலைவர் பார்த்தொலோமேயுஸ் ப்ளூமே அவர்களோடு நின்றார். கோட்டையில் போலந்துக் கொடியும் அடிவாரத்து ஊரில் சபையின் கொடியுமாக, 1460 ஆகஸ்ட் வரை அந்த நிலை நீடித்தது. கோட்டை நிறம் மாறியதுமே 'வெற்றி' என்று அறிவித்துவிடும் ட்ரிகரை அன்றிரவே அழித்துவிட்டேன். ஊருக்கென்று தனி முற்றுகையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.