போத்தலுக்குள் இருந்த ஆட்டுக்குட்டி

விலங்கியல் ஆய்வுகூடத்தின் பின்சுவர் அலுமாரியில், மேல்தட்டில் அந்தக் கண்ணாடிப் போத்தல் இருந்தது. உள்ளே ஓர் ஆட்டுக்குட்டி. முகத்தின் நடுவே ஒற்றைக் கண், அதற்கு மேலே சிறு தும்பிக்கை போல ஒரு சதைக்குழாய், மூக்கே இல்லை, கீழ்த்தாடை மட்டும் துருத்திக்கொண்டிருக்கும். "அது ஆட்டுக்கும் நாய்க்கும் பிறந்தது" என்பதுதான் உயர்தர வகுப்புக்கு வரும் ஒவ்வொரு புதிய அணிக்கும் மூத்த மாணவர் சொல்லும் முதல் பாடம். அந்தக் கதையை உடைக்கவென்றே எங்கள் ஆசிரியர் இரண்டு பாடவேளைகளை ஒதுக்குவார்.

கரும்பலகையில் ஒரு வீடு வரைவார். படலை, தலைவாசல், உள்ளறை. இரண்டு இனங்கள் கலக்கத் தாண்டவேண்டிய மூன்று தடைகள்.

படலை என்பது முட்டையைச் சுற்றியுள்ள புரதக் கவசம். தன் இனத்து விந்தை மட்டுமே அது இனங்கண்டு பற்றிக்கொள்ளும். ஹாம்ஸ்டர் முட்டையின் கவசத்தை ஆய்வுகூடத்தில் நீக்கிவிட்டால் மனித விந்துகூட உள்ளே புகும். ஆனால் அதிலிருந்து முளையம் வளராது. ஆடும் நாயும் படலையிலேயே நின்றுவிடும் சோடி. இரண்டின் மூதாதையரும் பிரிந்து 7 கோடி ஆண்டுகளுக்கு மேலாகிறது.

தலைவாசல் கருப்பை. செம்மறிக் கடா வெள்ளாட்டு மறியோடு சேர்ந்தால் கருக்கட்டல் நடப்பதுண்டு. ஆனால் முளையம் பெரும்பாலும் இரண்டாம் மாதத்துக்குள் இறந்துவிடும். தாயின் நிர்ப்பீடனம், அதாவது நோயெதிர்ப்பு, கருவுக்கு ஊட்டும் சூல்வித்தகத்தை அந்நியமாகக் கண்டு தாக்குகிறது. மிக அரிதாக உயிரோடு பிறப்பதும் உண்டு. பொற்சுவானாவில் அப்படிப் பிறந்த ஒன்றுக்கு, பரம்பரை அலகுகளைத் தாங்கும் நிறமூர்த்தங்கள் (குரோமோசோம்கள்) 57. செம்மறியின் 54க்கும் வெள்ளாட்டின் 60க்கும் சரிநடு.

இந்த இடத்தில் யாராவது "எண் ஒத்துவராததால்தான் கலப்பு நடப்பதில்லை" என்று எழுதினால் சிவப்பு மையால் வெட்டுவார். ஆசிய யானைக்கும் ஆபிரிக்க யானைக்கும் ஒரே 56தான். 1978 இல் இங்கிலாந்தின் செஸ்டர் விலங்குக்காட்சிச்சாலையில் அவற்றுக்குப் பிறந்த கன்று பத்து நாளில் இறந்தது. குதிரைக்கு 64, கழுதைக்கு 62. எண் வேறாக இருந்தும் அவற்றுக்குப் பிறக்கும் கோவேறு கழுதை திடமாக வளர்ந்து சுமை தூக்குகிறது. எண்ணைவிட உறவின் நெருக்கம்தான் பெரிது என்பார்.

உள்ளறை என்பது பிறந்த கலப்புக் குட்டி வளர்ந்து தானும் இனம்பெருக்கும் திறன். அதற்கு உதாரணமும் கோவேறு கழுதைதான். நெடுந்தீவுக் குதிரைக்கு மன்னார்க் கழுதையைச் சேர்த்தால் என்ன நடக்கும் என்று கேட்டுவிட்டு அவரே விளக்குவார். முதலில், குட்டியிலிருந்து குதிரைகளோடு வளர்ந்த ஆண் கழுதையாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குதிரையை ஏறெடுத்தும் பார்க்காது. அடுத்த ஆபத்துப் பலருக்குத் தெரியாது. கழுதையின் செங்குருதிக் கலங்களில் குதிரைக்கு இல்லாத ஒரு கூறு உண்டு. முந்திய ஈற்றில் அதற்கெதிரான பிறபொருளெதிரி தாயின் உடலில் உருவாகியிருந்தால், அது கடும்புப் பாலில் இறங்கிக் குட்டியின் செங்குருதிக் கலங்களை உடைக்கும். நன்றாகப் பிறந்த குட்டி ஓரிரு நாளில் சோர்ந்து மஞ்சளாகும். ஆகவே முதல் 36 முதல் 48 மணி நேரம் குட்டிக்கு வாய்க்கூடு போட்டு, தாயின் கடும்பைக் கறந்து ஊற்றிவிட்டு, வேறொரு குதிரையின் கடும்பைக் கொடுக்கவேண்டும். இவ்வளவும் தாண்டி வளர்ந்தாலும் 63 நிறமூர்த்தங்களும், விந்தையும் முட்டையையும் ஆக்கும் கலப்பிரிவான ஒடுக்கற்பிரிவில் சோடி சேரத் தடுமாறும். விந்தோ முட்டையோ ஒழுங்காக உருவாவதில்லை. உள்ளறைக் கதவு அங்கே சாத்திக்கிடக்கிறது.

அவர் ஓய்வுபெற்றபின், 2020 இல் ஹங்கேரியில் இருந்து வந்த செய்தி அந்த வீட்டுப் படத்தையே திருத்தவைக்கிறது. ரஷ்ய ஸ்டர்ஜன் மீனின் முட்டையும் அமெரிக்கத் துடுப்புமீனின் விந்தும் சேர்ந்து நூற்றுக்கணக்கான குஞ்சுகள் பொரித்தன. இரண்டும் பிரிந்து 18 கோடி ஆண்டுகள். மீன் முட்டை தண்ணீரில் கருக்கட்டுவதால் தலைவாசலே இல்லை. அந்த வம்சங்கள் மாறும் வேகமும் மிக மெதுவானது. பாலூட்டிகளுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டாம் பாடவேளையின் கடைசியில்தான் போத்தல் மேசைக்கு வரும். கருவின் முன்மூளை இரண்டாகப் பிரியத் தவறினால் கண்ணும் ஒன்றாகவே நின்றுவிடும். அமெரிக்காவின் ஐடஹோ மேய்ச்சல் நிலங்களில், சினையான 14 ஆம் நாளில் ஒரு நச்சுப் பூண்டைத் தின்ற செம்மறிகள் இப்படியே ஒற்றைக்கண் குட்டிகளை ஈன்றன. நாயும் இல்லை, பேயும் இல்லை.

பிறகு போத்தலைத் திருப்பி, அடியில் ஒட்டியிருக்கும் பழைய தாளை வாசிக்கச் சொல்வார். கறுப்பு மையில், அவருடைய கையெழுத்தில்: "தாய்: வெள்ளாடு. தந்தை: வெள்ளாடு."