கேரம் போர்டை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்

தெருவில் பெரியவர்களுக்காக ஒரு பகல் மையம் வைக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் வாங்குவது கேரம் போர்டு, அடுத்தது டிவி. திறப்பு விழாவுக்குக் கூட்டம் வரும். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் நாலைந்து ஆண்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். பெண்கள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். "இவங்களுக்கு ஆர்வமே இல்லீங்க" என்பார் நிர்வாகி. ஆர்வத்தில் குறை இருக்காது. பின்பக்கத்துக் கழிப்பறையைப் பார்த்தால் விஷயம் விளங்கிவிடும்.

தமிழக அரசு 2025-இல் அன்புச்சோலை என்ற பெயரில் 25 பகல் மையங்களை அறிவித்தது. அவை போக குடியிருப்போர் சங்கங்கள், தொண்டு நிறுவனங்கள், கோயில் மண்டபங்கள் என்று பலரும் இந்த வேலையில் இறங்குகிறார்கள். யார் நடத்தினாலும் வந்தவர் மறுநாளும் வருவதைத் தீர்மானிப்பவை சில சில்லறை விஷயங்கள்தான். இங்கே எழுதியிருப்பது அவற்றைப் பற்றி.

முதலில் கழிப்பறை. மேற்கத்திய பாணிக் கோப்பையின் உட்காரும் உயரம் 45 முதல் 48 செ.மீ. இருக்கட்டும். பக்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி வேண்டும். அதைச் சுவரில் ஆழமாகத் துளைபோட்டு இறுக்க வேண்டும். துண்டு மாட்டும் கம்பி கைப்பிடி ஆகாது. ஆள் எடை விழுந்த அன்றே கையோடு வந்துவிடும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் மயங்கிக் கதவின் மேலேயே சாய்ந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை யாராலும் தள்ள முடியாது. தாழ்ப்பாள் வெளியிலிருந்து ஒரு காசை வைத்துத் திருகித் திறக்கிற வகையாக இருப்பது நல்லது. தரையில் எப்போதும் ஈரம் நிற்காமல் இருக்க, வாளியையும் குவளையையும் கோப்பைக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லையென்றால் அவர்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வருவார்கள். அதன் பலன் நீர்க்கடுப்பு, தலைசுற்றல், அப்புறம் வராமலே நின்றுவிடுவது.

அடுத்து நாற்காலி. அடுக்கி வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி விலை குறைவு, அதனால் எல்லா இடத்திலும் அதுதான். டைல்ஸ் தரையில் கைப்பிடியை ஊன்றி எழும்போது அது பின்னால் வழுக்கிக்கொண்டு போகும். பத்து நாற்காலியாவது கனமான மரத்திலோ இரும்பிலோ, கைப்பிடியோடு, உட்காரும் இடம் தரையிலிருந்து சுமார் 43 செ.மீ. உயரத்தில் இருப்பதாக வாங்கிச் சுவரோரம் போட்டுவிடுங்கள். சோபா வேண்டவே வேண்டாம். அதில் புதைந்தவரைத் தூக்க இரண்டு பேர் வேண்டும்.

இந்த நாற்காலியை வைத்தே யாருக்கு விழும் ஆபத்து அதிகம் என்று கண்டுபிடித்துவிடலாம். கைகளை மார்பில் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடிக்குள் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்காருகிறார் என்று எண்ண வேண்டும். 65 முதல் 69 வயதுள்ள ஆண் 12-க்குக் குறைவாகவும் பெண் 11-க்குக் குறைவாகவும் செய்தால் கால் வலு போதவில்லை என்று கொள்ளலாம். 80 முதல் 84 வயதில் அந்த எல்லை ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. கையை ஊன்றினால்தான் எழ முடிகிறதென்றால் கணக்கு பூஜ்யம். இன்னொரு சோதனையும் உண்டு. நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு கோடு போடுங்கள். எழுந்து, வழக்கமான வேகத்தில் கோடு வரை நடந்து, திரும்பி வந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அவர் பெயருக்கு எதிரே ஒரு குறி போட்டுக்கொள்ளுங்கள். சோதிக்கும்போது பக்கத்தில் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நின்றுகொண்டே இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி எண்ணி எழுதிவைத்தால், உடற்பயிற்சி வகுப்பால் பலன் இருக்கிறதா என்று ஊகிக்கவே வேண்டாம், நோட்டே சொல்லிவிடும்.

வகுப்பு என்றவுடன் யோகா ஆசிரியரை அழைத்துத் தரையில் பாய் விரித்துவிடுகிறார்கள். தரையிலிருந்து எழ முடியாதவர்களுக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை. அவர்கள் முதல் நாளே வெட்கப்பட்டு நின்றுவிடுவார்கள். நாற்காலியை வைத்தே முழு வகுப்பையும் நடத்தலாம். ஐந்து நிமிடம் தோள், கணுக்கால் சுழற்றல். பிறகு எழுந்து உட்காருவது 8 முதல் 10 முறை, ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து முறை. சுவரைத் தொட்டபடி பக்கவாட்டில் நடப்பது. கடைசியாக ஒரு பாதத்தின் கட்டைவிரலும் மற்றப் பாதத்தின் குதிகாலும் ஒட்டியிருக்கும்படி முன்னும் பின்னுமாக வைத்து நிற்பது. 10 விநாடி அசையாமல் நிற்பதுதான் இலக்கு. வாரத்துக்கு மூன்று நாளாவது செய்யாவிட்டால் சமநிலை மேம்படாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடத்தும் 'மெகா முகாம்' போட்டோவுக்குத்தான் உதவும். காலுறை போட்டபடி டைல்ஸில் நிற்க விடக்கூடாது, புடவைக் கரை தரையைத் தொடக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. எழும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னால் மூச்சு தானாக வெளியே போகும்.

ரத்த அழுத்தம் பார்ப்பது எல்லா மையத்திலும் உண்டு. ஒழுங்காகப் பார்ப்பது குறைவு. மாடிப்படி ஏறி வந்த கையோடு பட்டையைக் கட்டினால் அழுத்தம் கூடித்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் படிந்து, காலுக்கு மேல் கால் போடாமல், கை இதய உயரத்தில் மேசை மேல் இருக்க வேண்டும். காபி குடித்து அரை மணி ஆகியிருக்க வேண்டும், சிறுநீர் கழித்துவிட்டு வந்திருக்க வேண்டும். ரவிக்கைக் கை, சட்டைக் கை மேலே பட்டை கட்டுவது தப்பு. பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத அழுத்தத்தைக் காட்டும், அதனால் இரண்டு அளவில் பட்டை வாங்கி வையுங்கள். மணிக்கட்டில் கட்டும் கருவி வேண்டாம்.

பலரும் விட்டுவிடுவது நின்ற நிலை அளவு. ஐந்து நிமிடம் படுக்க வைத்து ஒரு முறை, எழுந்து நின்று 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் ஒவ்வொரு முறை பாருங்கள். படுத்திருந்தபோது இருந்ததைவிட மேல் எண் 20-ஓ அதற்கு மேலோ, கீழ் எண் 10-ஓ அதற்கு மேலோ குறைந்தால், ராத்திரி கழிப்பறைக்கு எழும்போது விழுபவர் இவராகத்தான் இருப்பார். இதைச் சீட்டில் எழுதி அவருடைய மருத்துவரிடம் கொண்டுபோகச் சொல்ல வேண்டும். மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் வேலை, மையத்தின் வேலை அன்று. அளவு எதுவானாலும் பேச்சுக் குழறல், வாய் கோணல், நெஞ்சு வலி என்றால் மறுபடி அளந்துகொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில் ருசியைவிட நேரம் முக்கியம். சர்க்கரைக்காகக் கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்கு, "விஐபி வந்ததும் பரிமாறலாம்" என்று மதியச் சாப்பாட்டை இரண்டு மணிக்குத் தள்ளினால் சர்க்கரை இறங்கிவிடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், சம்பந்தமில்லாத கோபம், உளறல் எல்லாம் அதன் அறிகுறி. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். ஏறியதும் சாப்பாடு. நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். சர்க்கரை டப்பா பூட்டிய ஸ்டோர் ரூமில் இருந்தால் பயனில்லை. முதலுதவிப் பெட்டியிலேயே ஒரு பொட்டலம் கிடக்கட்டும்.

வருடத்தில் மையம் நிரம்பி வழியும் மாதம் நவம்பர். மத்திய அரசு ஓய்வூதியர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்க வேண்டிய மாதம் அது. 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். பிஎஃப் ஓய்வூதியக்காரர்களுக்கு நவம்பர் கட்டாயமில்லை, கொடுத்த நாளிலிருந்து 12 மாதம் செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்களின் ஆண்டு நேர்காணல் கருவூலம் வழியாகத் தனியே நடக்கிறது, அவர்களை இந்த வரிசையில் நிற்க வைக்காதீர்கள். சான்றை மையத்திலேயே எடுத்துவிட ஒரு ஆண்ட்ராய்டு போன், ஆதார்ஃபேஸ்ஆர்டி, ஜீவன் பிரமாண் என்ற இரண்டு செயலிகள், நல்ல நெட் இருந்தால் போதும். முதலில் போனை இயக்கும் தன்னார்வலர் தன் ஆதாரை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும். பிறகு ஓய்வூதியரின் ஆதார் எண், பிபிஓ (ஓய்வூதிய ஆணை) எண், வங்கிக் கணக்கு எண், போன் எண். கடைசியில் முகத்தைக் காட்டிக் கண்ணைச் சிமிட்ட வேண்டும்.

முகம் ஏற்கவில்லையென்றால் பெரும்பாலும் வெளிச்சம்தான் காரணம். ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். திருப்பி உட்கார வையுங்கள், கண்ணாடியைக் கழற்றச் சொல்லுங்கள். விரல்ரேகைக் கருவியில் தேய்ந்த ரேகையோடு அரை மணி போராடுவதைவிட இது சுலபம். ரேகைதான் வழி என்றால் கையை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மற்ற விரல்களையும் வைத்துப் பாருங்கள்.

இதில் பெரிய பொறி ஒன்று உண்டு. 'பிரமாண் ஐடி' என்று குறுஞ்செய்தி வந்தவுடன் எல்லாரும் வேலை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். அது சான்று உருவானதற்கு மட்டும் அத்தாட்சி. பிபிஓ எண்ணில் ஒரு இலக்கம் தவறினாலோ, ஓய்வூதியம் வழங்கும் வங்கியைப் பட்டியலில் மாற்றித் தொட்டிருந்தாலோ ஓய்வூதியம் வழங்குபவர்கள் நிராகரித்துவிடுவார்கள், டிசம்பரில் பணம் வராது. நோட்டில் ஐடி எண்ணை எழுதிவைத்து, சில நாள் கழித்து ஏற்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். மறுமணம் செய்தவர்களும் மறுபணியில் இருப்பவர்களும் இந்த டிஜிட்டல் முறையில் வர முடியாது, காகிதத்தில்தான். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்குத் தபால்காரரை வீட்டுக்கே வரவழைக்கலாம், இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் கட்டணம் 70 ரூபாய்.

இதே மேசையில் முதியோர் உதவித்தொகை விண்ணப்பத்தையும் கவனிக்கலாம். 2023 ஆகஸ்டு முதல் மாதம் 1,200 ரூபாய். இ-சேவையில் பதிந்த பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று பல கை தாண்ட வேண்டும். ரேஷன் கார்டில் ஒரு வயது, ஆதாரில் ஒரு வயது என்றால் அங்கேயே நிற்கும்; அதனால் விண்ணப்பிக்கும் முன் ஆதாரில் வயதைச் சரிசெய்துவிடுங்கள். சென்னையில் 60 முடிந்தவர்களுக்கு மாநகரப் பேருந்தில் மாதம் 10 இலவச டோக்கன் உண்டு, ஏசி பேருந்தில் செல்லாது. ஆறு மாதத்துக்கு மொத்தமாகத் தருவதால் டிசம்பரிலும் ஜூனிலும் நினைவுபடுத்தினால் போதும்.

கைத்தடி விஷயம் சின்னதாகத் தெரியும். வருகிறவர்களில் பாதிப் பேர் தப்பான உயரத்தில்தான் வைத்திருப்பார்கள். செருப்போடு நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், மணிக்கட்டுக் கோடு இருக்கும் உயரத்தில் தடியின் பிடி வர வேண்டும். வலது முழங்கால் வலி என்றால் தடி இடது கையில். எல்லாரும் வலிக்கிற பக்கமே பிடிப்பார்கள், மாற்றிப் பிடித்து நாலு அடி நடந்து பார்த்தால் அவர்களுக்கே வித்தியாசம் தெரியும். அடியில் உள்ள ரப்பரின் வரி தேய்ந்து வழவழப்பானால் மாற்றிவிட வேண்டும். காது கேட்கவில்லை என்று வருபவரைக் கருவி வாங்க அனுப்பும் முன் குறும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். தடி, சக்கர நாற்காலி, காது கருவி, பல்செட் எல்லாம் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள மூத்தவர்களுக்கு ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில் இலவசம்.

சத்தமில்லாமல் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. "வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டேன், இப்ப சோறு போட மாட்டேங்கறான்." இதைக் கூடத்தில் வைத்துப் பேசாதீர்கள், தனியே ஒரு அறை, கதவைச் சாத்தி. 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெற்றோரும் மூத்த குடிமக்களும் வருவாய்க் கோட்டாட்சியரிடம் பராமரிப்பு மனு கொடுக்கலாம், வக்கீல் வைக்க வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பப் பெறச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் 'கடைசிவரை கவனித்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனை பத்திரத்தில் இல்லையென்றால் வழக்கு இழுக்கும். இனிமேல் எழுதப்போகிறவர்களுக்கு அந்த ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். அடி உதை என்றால் முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை, கட்டணமில்லை.

தினமும் வருகைப் பதிவேட்டைச் சாயங்காலம் மூடி வைக்கும் முன் ஒருவர் உட்கார்ந்து வராதவர்கள் பட்டியலைப் பார்க்க வேண்டும். சொல்லாமல் இரண்டு நாள் வராதவருக்கு முதலில் போன். எடுக்கவில்லையென்றால் அவசரத் தொடர்புக்கு என்று குடும்பத்தார் கொடுத்த இரண்டாவது எண், அதுவும் இல்லையென்றால் பக்கத்துத் தெருவில் இருக்கும் இன்னொரு உறுப்பினரை நேரில் அனுப்புவது. தனியாக இருப்பவர்களின் பெயரைச் சிவப்பு மையில் எழுதிவைத்தால், அவர்களுக்கு மட்டும் இரண்டாம் நாள் வரை காத்திருக்க வேண்டியதில்லை, முதல் நாளே போன் போகும்.