300 கிராமுக்குள் ஒரு தொகுப்பு

பெங்களூரு அல்சூரில் உள்ள தமிழ்ச் சங்கத்தில் கூட்டம் முடிந்து டீ குடிக்க ஒதுங்கினால், யார் யாரைத் திட்டி எழுதினார் என்பதைவிடத் தபால் செலவுதான் இப்போது பெரிய வம்பு. 2024 டிசம்பர் 18-ல் புத்தகங்களை மலிவாக அனுப்ப உதவிய பதிவு புக் போஸ்ட்டைத் தபால் துறை சத்தமில்லாமல் நிறுத்தியது. சிறு பதிப்பாளர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். 2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்று கியான் போஸ்ட் வந்திருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழியாகப் போகும், டிராக்கிங் உண்டு.

ஆக, கவிதைத் தொகுப்பு போடுகிறவர் முதலில் பார்க்க வேண்டியது தராசு. டெமி என்கிற வழக்கமான புத்தக அளவில் 208 பக்கம், அதாவது 16 பக்கம் சேர்ந்த அச்சுத் தாள் மடிப்பான ஃபாரம் 13. இதை 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்கிற கணக்கு) தாளில் அடித்தால் உள்தாள் மட்டுமே 250 கிராம். 300 ஜிஎஸ்எம் மேலட்டை, லேமினேஷன், முதுகுப் பசை சேர்ந்தால் 270-ஐத் தாண்டும். முனை மடங்காமலிருக்க ஒரு அட்டையும் உறையும் போட்டீர்களா, 300 போச்சு. அதே புத்தகம் 70 ஜிஎஸ்எம்மில் 240 கிராம்தான். பின்பக்க எழுத்து நிழலாடும் என்பார்கள். நிஜம்தான், கவிதைப் பக்கத்தில் வெற்றிடம் அதிகம் என்பதால் இன்னும் துலக்கமாகவே தெரியும். லேசான மஞ்சள் சாயலுள்ள நேச்சுரல் ஷேட் தாள் எடுத்தால் பாதி மறைந்துவிடும்.

பின்னட்டையில் ஸ்வீட் ஸ்டால் விளம்பரம் வாங்கி அச்சுக் கூலியை ஈடுகட்டுகிற பழைய வித்தை இங்கே செல்லாது. வியாபார விளம்பரம் இருந்தால் கியான் போஸ்ட்டில் எடுக்க மாட்டார்கள். உங்கள் நூல் பட்டியல் போடலாம். பதிப்பாளர் பெயரோ அச்சகத்தின் பெயரோ கட்டாயம் இருக்க வேண்டும். சொற்பமாக 50 பிரதி போடுகிறவர்கள் மறப்பது இதைத்தான்.

இன்னொரு புலம்பல், வரி. 2025 செப்டம்பர் 22 முதல் அச்சுத்தாளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 18 சதவீதம். புத்தகத்துக்கு வரியே இல்லை என்பதால் தாளுக்குக் கட்டியதைத் திரும்ப எடுக்க வழியில்லை, விலையில்தான் ஏற்ற வேண்டும். வரி விலக்கு கிடைத்தும் நஷ்டப்படுவது புத்தகக்காரர்களுக்கு வாய்த்த கொடுப்பினை.

பெங்களூரில் அச்சடித்தால் இன்னொரு கண்டம் உண்டு. டிடிபி, அதாவது கணினியில் பக்கம் அமைப்பு, போடுபவருக்குத் தமிழ் வாசிக்க வராமல் போகலாம். பக்கம் அமைக்கும் இன்டிசைன் மென்பொருளில், இந்திய எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்ட் ரெடி கம்போசர் என்கிற அமைப்பை வைக்காவிட்டால் 'கொ'வின் கொம்பு முன்னால் வராமல் ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும், அவர் கண்ணில் அது படவும் படாது. பிடிஎஃப்பைத் திரையில் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள். ஒரு ஃபாரத்தையாவது தாளில் எடுத்து, கெ, கொ, கௌ வரும் வரிகளை விரல் வைத்துப் பாருங்கள். 'ண'வும் 'ன'வும் மாறியிருந்தாலும் அப்போதுதான் பிடிபடும்.

தபால் கவுண்டரில் "புக்" என்று மட்டும் சொன்னால் ஊழியரின் கை தானாக ஸ்பீட் போஸ்ட்டுக்குப் போய்விடும். "ஸ்பீட் போஸ்ட் பேட, கியான் போஸ்ட் ஹாகி" (ஸ்பீட் போஸ்ட் வேண்டாம், கியான் போஸ்ட் போடுங்கள்) என்று கன்னடத்தில் பெயர் சொல்லியே கேளுங்கள்.