அன்னூனுக்குப் போய்வந்தவர்கள்

செப்டம்பர் 3, 2024

வேல்ஷ்காரர்களின் மறுவுலகமான அன்னூனைத் தேடி, இடைக்கால வேல்ஷ் கதைத்தொகுப்பான மபினோகியின் முதல் கிளையில் (பகுதிகளைக் கிளை என்கிறார்கள்) தொடங்கினேன். டவெட் நாட்டரசன் புய்ல் (கடைசி எழுத்தின் ஒலிக்கு நம் ழகரமும் உதவாது) வேட்டைக்குப் போன இடத்தில் வெள்ளை நாய்களைப் பார்க்கிறான். காது மட்டும் சிவப்பு. அவை வீழ்த்திய மானிலிருந்து அவற்றை விரட்டிவிட்டு, மானைத் தன் நாய்களுக்குத் தீனியாக்குகிறான். அந்த வெள்ளை நாய்கள் அன்னூன் அரசன் அரௌனுடையவை. செய்த பிழைக்கு ஈடாக, இருவரும் ஓராண்டு உருமாறி, இடம் மாறி வாழ வேண்டும். அரௌனின் பகைவன் ஹவ்கனை ஒரே வெட்டில் சாய்க்கவும் வேண்டும். இரண்டாவது வெட்டு விழுந்தால் எழுந்துவிடுவான். ஓராண்டும் அரௌன் மனைவியின் பக்கத்தில் படுத்தும் புய்ல் அவளைத் தொடவில்லை.

அன்னூனில் விருந்து, பட்டு, பாட்டு. சித்திரகுப்தன் இல்லை, எண்ணெய்க் கொப்பரை இல்லை. செத்தவர் ஒருவரையும் காணோம்.

செப்டம்பர் 5

தலியெசின் சுவடி என்ற இடைக்கால வேல்ஷ் பாட்டுத் தொகுப்பில் உள்ள பாட்டு. கப்பலேறி அன்னூனுக்குப் போகிறான் ஆர்தர் மன்னன். ஒன்பது கன்னியர் மூச்சால் சூடேறும் கொப்பரை அங்கே உண்டு. கோழைக்கு அதில் சோறு வேகாது. திரும்பியவர் ஏழே பேர்.

செப்டம்பர் 6

மழை. ஒன்றும் படிக்கவில்லை.

செப்டம்பர் 9

இரண்டாம் கிளையிலும் ஏழு பேர்தான் மிச்சம். அயர்லாந்துப் போரில் காயம்பட்ட அரசன் பிரான், தன் தலையை வெட்டி எடுத்துப் போகச் சொல்கிறான். (நமக்குப் பிரான் தலைவன், வேல்ஷில் காக்கை.) குவாலெஸ் தீவில் 80 ஆண்டுகள் அந்தத் தலையோடு விருந்து. உயிரோடிருந்த நாளில் போலவே நல்ல துணையாம் அது. வயது ஏறவில்லை, துக்கம் நினைவில்லை. தெற்கே கார்ன்வால் பக்கம் பார்த்த கதவை மட்டும் திறக்கக் கூடாது. எழுவரில் ஒருவனான ஹைலின் திறந்துவிட்டான். இழந்த உறவெல்லாம் அந்த நொடியில்தான் இறந்ததுபோல் வலித்தது.

செத்தவர் போகும் ஊர் என்று நினைத்துத் தேடினேன். இந்தக் கதைகளில் உயிரோடிருப்பவர்கள்தான் போய்வருகிறார்கள். ஹைலினை ஏனோ என்னால் திட்ட முடியவில்லை.

செப்டம்பர் 14

குவாலெஸ் என்று சொல்லப்படும் கிராஸ்ஹோம் தீவுக்குப் படகு. பெம்புரோக்‌ஷர் கரையிலிருந்து சுமார் 13 கிலோமீட்டர். இறங்க அனுமதி இல்லை; சுற்றிக்காட்டித் திருப்பிவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கான கன்னெட் பறவைகள், எச்சத்தால் வெளுத்த பாறை, தாங்க முடியாத நாற்றம். 80 ஆண்டு விருந்தா, இங்கேயா!

படகு தெற்கே வளைந்தபோது, அசட்டுத்தனம்தான், கதவைத் தேடினேன்.