தாத்தாவின் அக்கோடியன்

பெரியப்பா வீட்டிலிருந்து தாத்தாவின் அக்கோடியன் இப்போது ஹட்டனுக்கு, எங்களிடம் வந்துவிட்டது. முன்பக்கம் 'வெல்ட்மைஸ்டர்' என்ற பெயர், பின்னால் கிழக்கு ஜெர்மனியில் செய்தது என்ற முத்திரை. அந்த நாடு 1949 முதல் 1990 வரைதான் இருந்தது, ஆகவே வயது ஓரளவு பிடிபட்டது. இடது பக்கம் 80 பொத்தான்கள், வலது பக்கம் 37 கட்டைகள்.

எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். பெயரைவிட உள்ளே இருக்கும் நிலைதான் விலையைச் சொல்லும். எதையும் அழுத்தாமல், நடுவிலுள்ள மடிப்புத் துருத்தியை மெதுவாக இழுங்கள். சிரமமில்லாமல் விரிந்தால் எங்கோ காற்று ஒழுகுகிறது. ஒவ்வொரு சுரத்தையும் இழுக்கும்போதும் தள்ளும்போதும் கேட்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி உலோக நாக்குகள், அவை காற்றில் அதிர்ந்துதான் ஒலி வருகிறது. அந்த நாக்குத் தகடுகளைப் பிடித்து வைத்திருப்பது தேன்மெழுகு. அது காய்ந்தால் தகடு கழன்றுவிடும். நம்ம மலைநாட்டு ஈரத்தில் துருவும் பூஞ்சணமும் வேறு. அதற்காக வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், மெழுகு உருகிவிடும்!

திருத்தும் செலவு பல நேரம் வாத்தியத்தின் விலையையே தாண்டும். பரவாயில்லை, விற்கப் போவதில்லை. தோட்டத்துத் தேவாலயத்தில் நத்தாருக்குத் தாத்தா வாசித்தது இதைத்தான். கண்டி, ஹட்டன் பக்கம் மெழுகு மாற்றிச் சுருதி சேர்க்கத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.